மனங்கவர்ந்த மான்ஸ்டர் எது? நாக்-அவுட் வாக்கெடுப்பு நடத்தும் முறை

மேசையைச் சுற்றி அமர்ந்து கற்பனைப் பாத்திரங்களாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை ஆடுபவர்கள் நான்கு பேர் கூடினால், எந்த மான்ஸ்டர் உயர்ந்தது என்ற வழக்கு எழாமல் இருப்பதில்லை. மான்ஸ்டர்களை இரண்டிரண்டாக மோதவிட்டு, வாக்குக் குறைந்ததை வெளியேற்றி, கடைசியில் ஒன்றை மட்டும் நிறுத்துவது அந்த வழக்கைத் தீர்க்க ஏற்ற வழி. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டிகளால் புகழ்பெற்ற இந்த அட்டவணை முறையை எந்த ஆட்டக் குழுவும் எளிதாக நடத்தலாம்.

முதலில் கேள்வியைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். "எது பிடிக்கும்" என்பதும் "சண்டையில் எது வெல்லும்" என்பதும் வெவ்வேறு கேள்விகள். இரண்டாவதைக் கேட்டால் வாக்கெடுப்பே தேவையில்லை. 2014இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின்படி டராஸ்க் என்னும் பேருருவ மான்ஸ்டரின் சவால் மதிப்பு (எவ்வளவு ஆபத்தானது என்பதன் அளவு) 30, உயிர்ப்புள்ளிகள் (எவ்வளவு அடி தாங்கும் என்பதன் அளவு) 676 என்றிருக்க, சவால் மதிப்பு 3உம் 59 உயிர்ப்புள்ளிகளும் கொண்ட அவுல்பேர் அதன் முன் ஒரு சுற்றுகூடத் தாங்காது. ஆனால் ஆந்தைத் தலையும் கரடி உடலும் கொண்ட அந்தப் பிராணியின் மீது ஆட்டக்காரர்களுக்கு இருக்கும் பாசம், யாரும் மேசையில் சந்தித்திராத டராஸ்க்கின் மீது இருப்பதில்லை. ஆகவே "உங்களுக்குப் பிடித்தது எது?" என்ற ஒரே கேள்வியை ஒவ்வொரு மோதலின் மேலும் மாறாமல் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் பாதிப்பேர் பாசத்துக்கும் மீதிப்பேர் பலத்துக்கும் வாக்களிப்பார்கள். வரும் முடிவுக்குப் பொருள் இருக்காது.

பட்டியலுக்குப் பதினாறு மான்ஸ்டர்கள் போதும். பதினாறு என்றால் நான்கு சுற்றுகளில் 15 மோதல்கள். முப்பத்திரண்டு என்றால் ஐந்து சுற்றுகளில் 31. அறுபத்து நான்குக்குப் போனால் முதல் சுற்றிலேயே வாக்காளர்கள் களைத்துவிடுவார்கள். பட்டியலை நீங்களே தயாரிக்காமல், ஆளுக்கு ஐந்து பெயர்களை எழுதித் தரச் சொல்லி, அதிகம் பேர் குறிப்பிட்ட பதினாறை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் டிராகன்களிடம் எச்சரிக்கை தேவை. நிற டிராகன்களில் ஐந்து, உலோக டிராகன்களில் ஐந்து எனப் பத்து வகைகள் இருப்பதால், தனித்தனியாக விட்டால் பட்டியலில் பாதியை அவையே அடைத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே இடம் கொடுப்பதுதான் நியாயம் என்பது என் கருத்து. பதிப்புக்குப் பதிப்பு உருமாறியவற்றுக்கு, எந்த வடிவம் போட்டியிடுகிறது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கோபோல்ட் என்ற சிறு பிராணியின் தொடக்ககால நாய்முகச் சாயல் 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் பல்லிச் சாயலானது. பழைய ஆட்டக்காரரும் புதியவரும் ஒரே பெயருக்கு வாக்களித்தாலும், மனத்தில் காண்பது வேறு வேறு உருவமாக இருக்கும்.

தரவரிசையைச் சவால் மதிப்பை வைத்து முடிவுசெய்யாதீர்கள். பெயர் திரட்டியபோது எத்தனை பேர் குறிப்பிட்டார்கள் என்ற எண்ணிக்கையே தரவரிசை. அதனால் உங்கள் சொந்த விருப்பம் உள்ளே நுழைய வழியில்லை. முதல் சுற்றில் மோதும் இரண்டின் வரிசை எண்களைக் கூட்டினால் எப்போதும் 17 வர வேண்டும். அட்டவணையின் மேற்பாதியில் 1–16, 8–9, 5–12, 4–13 என்றும், கீழ்ப்பாதியில் 2–15, 7–10, 3–14, 6–11 என்றும் எழுதிக்கொண்டால், முதலிரண்டு இடங்களில் இருப்பவை இறுதிப் போட்டிக்கு முன் சந்திக்க முடியாது. பெரும்பாலான குழுக்களில் அந்த இடங்கள் பல கண்களுடன் மிதக்கும் கோளமான பிஹோல்டருக்கும் மூளையைத் தின்னும் மைண்ட் ஃப்ளேயருக்கும் போகும் என எதிர்பார்க்கலாம். இரண்டும் 1975இல் அச்சேறியவை. இரண்டும் 'அபரேஷன்' என்ற, இயற்கைக்குப் புறம்பான பிராணிகளின் வகையைச் சேர்ந்தவை. மான்ஸ்டர்களை இனவாரியாகப் பிரித்து அட்டவணை போட்டால், இறுதிப் போட்டிக்குரிய இந்த மோதல் பாதியிலேயே முடிந்துவிடும்.

ஒவ்வொரு மான்ஸ்டருக்கும் இரண்டு வரி அறிமுகம் எழுதுங்கள்; நீளம் சமமாக இருக்கட்டும். அனைவரும் அறிந்த பிஹோல்டருக்கு அறிமுகம் பெரிதல்ல, ஆனால் 1981இல் வெளிவந்த ஃபீண்ட் ஃபோலியோ என்ற மான்ஸ்டர் தொகுப்பு நூலில் வரும், ஜெல்லிமீன் போல மிதக்கும் ஃப்ளம்ஃப் போன்ற அப்பாவிக்கு அந்த இரண்டு வரிகள்தான் உயிர். புள்ளிவிவரத்தை விட மேசையில் நடப்பதைச் சொல்வது நல்லது: "ரஸ்ட் மான்ஸ்டர்: தொட்ட இரும்பைத் துருவாக்கித் தின்னும், டிராகனுக்கு அஞ்சாத வீரனும் இதைக் கண்டால் வாளை முதுகுக்குப் பின்னால் ஒளிப்பான்." (ரஸ்ட் மான்ஸ்டரும் அவுல்பேரும் மலிவான பிளாஸ்டிக் பொம்மைகளைப் பார்த்து உருவானவை என்பதையும் சேர்த்தால் இரண்டுக்குமே வாக்கு கூடும்.) படங்களில் கவனம் தேவை. ஆட்டத்தின் விதிமுறைத் தொகுப்பு 2023 ஜனவரியில், யாரும் எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டாலும், புத்தகங்களில் உள்ள ஓவியங்கள் அதில் அடங்கவில்லை. குழுவில் வரையத் தெரிந்தவரைக் கொண்டு கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்கள் வரைந்துகொள்வது பாதுகாப்பானது. எல்லாம் ஒரே பாணியில் இருப்பதால் பகட்டான படத்துக்கு வாக்கு விழும் சிக்கலும் தீரும்.

நாளொன்றுக்கு நான்கு மோதல்களுக்கு மேல் வைக்காதீர்கள். நேரம் முடியும்வரை எண்ணிக்கையை மறைத்து வையுங்கள், ஏனெனில் முன்னணி தெரிந்துவிட்டால் பிறகு வருபவர்கள் வெல்லும் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். தங்கள் மான்ஸ்டருக்காகப் பிரசாரம் செய்யத் தடையில்லை, ஆனால் ஒருவருக்கு ஒரே வாக்கு என்பதை விட்டுக்கொடுக்கக் கூடாது. வாக்குகள் சமமானால் என்ன செய்வது என்பதைப் போட்டி தொடங்கும் முன்பே அறிவித்துவிடுங்கள். தரவரிசையில் பின்தங்கியதற்கு வெற்றி என்று விதிக்கலாம். எனினும் எல்லோர் முன்னிலையிலும் இருபது பக்கப் பகடையை உருட்டுவதே இந்த ஆட்டத்துக்குப் பொருத்தம்.

தங்கள் மான்ஸ்டர் தோற்றவுடன் பலர் ஒதுங்கிக்கொள்வார்கள். அவர்களைப் பிடித்து வைக்க, தொடக்கத்திலேயே முழு அட்டவணைக்கும் ஊகம் எழுதி வாங்குங்கள். சரியான ஊகத்துக்கு முதல் சுற்றில் 1, கால் இறுதியில் 2, அரை இறுதியில் 4, இறுதியில் 8 புள்ளிகள் கொடுத்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் மொத்தம் 8 புள்ளிகள் கிடைக்கும். முதல் சுற்றில் சறுக்கியவரும் கடைசியில் முந்தலாம். இறுதிப் போட்டிக்கு மட்டும் இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள். முடிவை வெளியிடும்போது எல்லா மோதல்களின் வாக்கு எண்ணிக்கையையும் சேர்த்தே வெளியிடுங்கள். அடுத்த ஆண்டும் நடத்துவதாக இருந்தால், வென்ற மான்ஸ்டருக்கு ஓர் ஆண்டு ஓய்வு கொடுத்து அந்த இடத்தைப் புதிய ஒன்றுக்கு விடுங்கள்.