தொட்டில் வாங்கப் போகிறீர்களா? மரத்தைத் தட்டிப் பார்த்தால் மட்டும் போதாது

வெறும் தொட்டிலை ஆட்டக் கூடாது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். கடைக்குப் போகும் அன்று மட்டும் அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். மேல்சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து நன்றாக உலுக்குங்கள். கிறீச்சென்று சத்தம் வருகிறதா, மூலை மூட்டுகள் அசைகின்றனவா, திருகாணி ஏதாவது லொடலொடக்கிறதா என்று பாருங்கள். பத்து மாதக் குழந்தை அதே சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, தினமும் இதையேதான் செய்யப் போகிறது.

தங்கை பேறுகாலத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது, தாய்மாமன் என்ற முறையில் தொட்டில் வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முதல் கடையில் தேக்கு என்றார்கள், கடைசல் வேலைப்பாட்டைக் காட்டினார்கள், தலைமாட்டுப் பலகையில் மயில் குடைந்திருந்தது. நானும் விவரம் தெரிந்தவன் மாதிரி மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்கப் பையில் கைவிட்டேன். பக்கவாட்டுக் கம்புகளுக்கு நடுவில் முஷ்டி மடக்கிய கை முழுசாகப் போய் வருகிறது என்பதை மனைவிதான் கவனித்தாள். வாங்காமல் திரும்பினோம். அதன் பிறகு தெரிந்துகொண்டதுதான் இது: தொட்டிலில் மரம் இருக்கும் இடத்தைவிட மரம் இல்லாத இடத்தைத்தான் அதிகம் பார்க்க வேண்டும்.

கம்புகளுக்கு நடுவில்

பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு, குழந்தையின் தலை உள்ளே போகுமா என்று மட்டும் யோசிப்பது. ஆபத்து வருவது அந்தப் பக்கத்திலிருந்து அல்ல. குழந்தை புரண்டு நெளியும்போது முதலில் கால் வெளியே போகும். பிறகு இடுப்பு. கைக்குழந்தையின் உடம்பில் அமுங்கிக் கொடுக்காத பெரிய பகுதி தலைதான். எனவே உடம்பெல்லாம் வழுக்கி வெளியே வந்தபின் தலை மட்டும் உள்ளே மாட்டிக்கொள்ளும். அப்போது குழந்தையின் முழு எடையும் கழுத்தில் தொங்கும். அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1973-இல் தொட்டிலுக்கு விதி வகுத்தபோது, கம்புகளுக்கு நடுவில் 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது என்றது இதனால்தான். இன்றைக்கும் அந்த அளவு மாறவில்லை.

இதைச் சோதிக்க ஒரு குளிர்பான டின்னை நுழைத்துப் பாருங்கள், நுழைந்தால் வாங்காதீர்கள் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது அமெரிக்க டின்னை வைத்துச் சொன்னது. அதன் விட்டம் 6.6 செ.மீ. நம்மூரில் இப்போது விற்கும் ஒல்லி டின்கள் அதைவிடக் குறுகல். சரியான தொட்டிலிலும் அவை நுழைந்துவிடலாம். சாதாரண அளவு டேப் போதும்.

எங்கே அளப்பது என்பதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கடைசல் கம்புகள் நடுவில் தடித்தும் இரு முனைகளில் மெலிந்தும் இருக்கும், அல்லது நேர்மாறாக. தடித்த இடத்தில் 5 செ.மீ. இருக்கிற இடைவெளி, மெலிந்த இடத்தில் 7 ஆகிவிடும். கம்பு எங்கே மிக ஒல்லியாக இருக்கிறதோ அங்கேதான் டேப்பை வையுங்கள். மயில், அன்னம், பிறை என்று பலகையில் குடைந்த வேலைப்பாடுகளும் இதே கதைதான்: கையோ காலோ தலையோ மாட்டக்கூடிய ஓட்டை அழகாக இருந்தாலும் ஓட்டைதான். வெறும் பலகை போதும்.

மூலைக்கால்களின் உச்சியில் கடைந்து வைக்கும் குமிழ்களையும் பாருங்கள். நம் குழந்தைகளின் உடம்பில் கயிறுகளுக்குக் குறைவில்லை. கழுத்தில் கறுப்புக் கயிறு, தாயத்து, செயின், இடுப்பில் அரைஞாண். நிற்கத் தொடங்கிய குழந்தை எட்டிப் பார்த்துவிட்டு உட்காரும்போது கழுத்துக் கயிறு குமிழில் மாட்டினால், தானாகக் கழற்றிக்கொள்ள அதற்குத் தெரியாது. அமெரிக்க அளவுகளின்படி மூலைக்கால் மேல்சட்டத்தைவிட 1.5 மி.மீ.க்கு மேல் உயர்ந்திருக்கக் கூடாது. அதாவது மொட்டையாக இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், தூங்கப் போடும்போது கழுத்தில் எதுவுமே வேண்டாம். கண்ணேறுக்குப் பொட்டு வைத்துக்கொள்ளலாம்.

மெத்தை மெத்தென்று இருக்கக் கூடாது

நம் வீடுகளில் மிகவும் பாசத்தோடு செய்யப்படும் தவறு இது. பிறந்த குழந்தைக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று இலவம்பஞ்சில் புது மெத்தை தைப்பார்கள். பஞ்சு ஒரு மாதத்தில் நடுவில் குழிந்துவிடும். குழந்தை குப்புறப் புரண்டால் முகம் அந்தக் குழியில் புதையும். சின்னக் குழந்தைக்கு அந்தக் குழியிலிருந்து முகத்தைத் தூக்கித் திருப்புகிற பலம் போதாது. விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும்.

தேவை, கறாரான சமதளம். கையால் அழுத்திவிட்டு எடுத்தால் உடனே பழைய நிலைக்கு வர வேண்டும்; கை பதிந்த தடம் நிற்கக் கூடாது. ரப்பர் கலந்த தேங்காய் நார் மெத்தை இதற்குப் பொருத்தம். பெரியவர்கள் படுத்தால் முதுகு வலிக்குமே என்று தோன்றுகிற அளவுக்கு இருந்தால் குழந்தைக்குச் சரி.

மெத்தைக்கும் பக்கவாட்டுக்கும் நடுவில் இரண்டு விரலுக்கு மேல் போகக் கூடாது. தொட்டிலை ஒரு கடையிலும் மெத்தையை இன்னொரு கடையிலும் வாங்குகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். நாலாபுறமும் ஒரு அங்குலம் குறைந்தால் என்ன, துணியைச் சுருட்டிச் செருகிக்கொள்ளலாம் என்பார்கள். மெத்தை ஒரு பக்கம் நகர்ந்ததும் அந்த ஓரங்குலம் எதிர்ப்பக்கம் இரண்டு அங்குலமாகும். செருகிய துணியோ முகத்தின் மேல் வந்து விழும். மடித்து எடுத்துப் போகும் வலைத்துணிக் கட்டில் வாங்கினால் கூட வரும் மெலிந்த மெத்தையை மட்டும் போடுங்கள். மேலே இன்னொன்று போட்டால் ஓரத்தில் பள்ளம் விழும்.

உள்ளே என்ன போடுவது? எதுவும் வேண்டாம்

"இவ்ளோ பெரிய தொட்டில்ல ஒரு தலகாணிகூட இல்லாம புள்ளைய வெறுமனே போட்டிருக்கீங்களே!" என்று என் அத்தை கேட்டார். பார்க்க வந்த ஒவ்வொருவரும் கேட்டார்கள். ஒருவர் கடுகுத் தலையணை கொண்டுவந்தார், தலை உருண்டையாக வருவதற்கு. 2022 நவம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், தலைக்கு வடிவம் தருவதாகச் சொல்லும் தலையணைகளால் எந்தப் பலனும் நிரூபிக்கப்படவில்லை, மூச்சுத் திணறும் ஆபத்து மட்டும் உண்டு என்று பெற்றோரை எச்சரித்தது. தட்டையான தலை பெரும்பாலும் குழந்தை உட்காரவும் தவழவும் தொடங்கியதும் சரியாகிவிடும். விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்க, கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாட விடுங்கள், அது போதும். அத்தையின் மனம் நோகாமல் கடுகுத் தலையணையை வாங்கி அலமாரியில் வைத்தோம்.

கம்புகளைச் சுற்றிக் கட்டும் பஞ்சு மெத்தைப் பட்டி இன்னொரு கவர்ச்சி. தலை இடித்துக்கொள்ளாது என்று சொல்லி விற்பார்கள். தொட்டிலுக்குள் புரண்டு இடித்துக்கொள்வதால் பெரிய காயம் வருவதில்லை. அந்தப் பட்டியில் முகம் அழுந்தி உயிர் போயிருக்கிறது. 2022-இல் அமெரிக்கா அதைச் சட்டம் போட்டே தடை செய்தது. அதே சட்டம், 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த தூங்கும் சாதனங்களையும் தடை செய்தது. சாய்ந்து கிடக்கும் குழந்தையின் தாடை நெஞ்சில் முட்டி, மூச்சுக்குழல் மடங்கிப்போகும் என்பதுதான் காரணம்.

எதுக்களிக்கிறதே, தலைப்பக்கம் கொஞ்சம் உயர்த்தினால் நல்லதில்லையா என்று உடனே கேள்வி வரும். உயர்த்தத் தேவையில்லை. மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருக்கும். வயிற்றிலிருந்து வரும் பால் மேல்நோக்கி ஏறித்தான் மூச்சுக்குழலுக்குள் போக வேண்டும். குப்புறப் படுத்தால் இது தலைகீழாகிறது. அமெரிக்காவில் 1994-இல் குழந்தைகளை மல்லாக்கத் தூங்கவைக்கச் சொல்லி நாடு தழுவிய இயக்கம் தொடங்கியபின், காரணம் தெரியாத திடீர் சிசு மரணங்கள் பத்தாண்டுக்குள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. பொம்மை, போர்வை, தலையணை எதுவும் வேண்டாம். குளிர்ந்தால் சட்டை ஒன்று கூடுதலாகப் போடலாம்.

கொசுவலை மட்டும் விலக்கு. டெங்கு உள்ள ஊரில் அது இல்லாமல் முடியாது. ஆனால் உள்ளேயே பஞ்சுப் படுக்கையும் குட்டித் தலையணையும் சேர்த்துத் தைத்த குடை வலையைத் தொட்டிலுக்குள் வைக்காதீர்கள். பெரிய வலையாக, தொட்டிலுக்கு வெளியே, குழந்தையின் கைக்கு எட்டாமல் விறைப்பாகக் கட்டுங்கள்.

இறங்கும் சட்டம், தாத்தாவின் தொட்டில்

ஒரு பக்கச் சட்டம் கீழே இறங்கும் தொட்டில் வசதியாகத்தான் இருக்கும். சிசேரியன் ஆன தாய் குனிய வேண்டியதில்லை என்று அதையே பலரும் கேட்டு வாங்குகிறார்கள். அந்தச் சட்டத்தைப் பிடித்திருக்கும் கொக்கியும் பிளாஸ்டிக் துண்டுகளும் தேய்ந்தால், சட்டம் ஒரு மூலையில் கழன்று, மெத்தைக்கும் அதற்கும் நடுவில் ஆப்பு வடிவில் சந்து விழும். 2000-க்குப் பிறகு இப்படிக் குறைந்தது 32 குழந்தைகள் இறந்ததாக அமெரிக்க ஆணையம் கணக்கெடுத்தது. 2011 ஜூன் முதல் அங்கே அவ்வகைத் தொட்டிலைச் செய்யவும் விற்கவும் தடை. நம் கடைகளில் இன்னும் கிடைக்கிறது. நான்கு பக்கமும் அசையாத தொட்டில் வாங்கி, பிரசவமான புதிதில் மெத்தைப் பலகையை மேல் படியில் வைத்துக்கொண்டால் குனிவது குறையும்.

குடும்பத் தொட்டில் விஷயத்தில் அறிவுரை சொல்வது கஷ்டம். மூன்று தலைமுறை கிடந்த ராசியான தொட்டிலை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? இடைவெளியை அளந்து பாருங்கள். மூட்டுகளை உலுக்கிப் பாருங்கள். பிறகு பெயிண்டைப் பாருங்கள். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.மைத் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் எவ்வளவு ஈயம் இருக்கும் என்று கண்ணால் சொல்ல முடியாது. பல் முளைக்கும் குழந்தை மேல்சட்டத்தை எலி மாதிரி கொறிக்கும். ஈயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. பழைய பெயிண்டை வீட்டுக்குள் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது இன்னும் மோசம், தூசு வீடெங்கும் பரவும். நானாக இருந்தால் அந்தத் தொட்டிலில் பெயர் சூட்டும் நாளன்று குழந்தையைப் போட்டு, படம் எடுத்துக்கொண்டு, இரவுத் தூக்கத்துக்கு வேறு வைத்துக்கொள்வேன்.

தூளியை என்ன செய்வது?

தூளி என்போம், ஏணை என்போம். பல ஊர்களில் தொட்டில் என்றாலே அம்மாவின் பழைய சேலைதான். அதில் தூங்காத குழந்தை நம்மில் யார்? ஆனால் சேலை வளைவதால் குழந்தையும் வளைந்துதான் கிடக்கும். மேலே சொன்ன தாடை விஷயம் இங்கும் உண்டு. பகலில், ஒருவர் விழித்துப் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் போடுங்கள். வழுக்காத பருத்திச் சேலையாக இருக்கட்டும். துணி முகத்தின் மேல் மூடாமல் விரித்துப் பிடிக்கும் தொட்டில் கம்பை விடாதீர்கள். தூங்கியதும் எடுத்துச் சமதளத்தில் போடுங்கள். புரளத் தொடங்கிவிட்டால் தூளியின் காலம் முடிந்தது.

தூளியில் குழந்தை இல்லாத நேரத்திலும் ஒரு ஆபத்து உண்டு. ஏழெட்டு வயது அண்ணனோ அக்காவோ அதில் உட்கார்ந்து சுற்றிச் சுற்றி முறுக்கி விளையாடும்போது கழுத்தில் இறுகி இறந்த செய்திகள் அவ்வப்போது நாளிதழில் வருகின்றன. குழந்தையை எடுத்ததும் சேலையை அவிழ்த்துவிடுங்கள்; குறைந்தபட்சம் கைக்கு எட்டாமல் உத்திரத்தில் சுருட்டிக் கட்டுங்கள்.

மரத்தொட்டிலை எங்கே போடுவது என்பதும் வாங்கும் முன்பே யோசிக்க வேண்டியதுதான். ஜன்னல் ஓரம் வேண்டாம். திரைச்சீலைக் கயிறு, ஜன்னல் கம்பி இரண்டும் எட்டும். சுவிட்ச் போர்டு, பரண், சாமான் தட்டு இவற்றுக்குக் கீழேயும் வேண்டாம். முதல் ஆறு மாதமாவது அது உங்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே, அதே அறையில் இருக்கட்டும். அறையையும் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். அமெரிக்க முழு அளவுத் தொட்டிலின் உட்புறமே 71 செ.மீ. அகலம், 133 செ.மீ. நீளம் வரும். சக்கரம் இருந்தால் பூட்டும் இருக்க வேண்டும். ஆடும் தொட்டிலானால் ஆட்டத்தை நிறுத்திவைக்கும் பூட்டு கட்டாயம்.

மெத்தைப் பலகையைக் குழந்தை உட்காரத் தொடங்கும் முன்பே கீழே இறக்குங்கள். ஒருநாள் காலையில் அது எழுந்து நின்று சிரித்தபின் இறக்கலாம் என்று இருந்தால், அன்று காலையிலேயே விழவும் கூடும். அடிப் படியில் பலகையிலிருந்து மேல்சட்டம் வரை 66 செ.மீ. இருந்தால் நல்லது. குழந்தை 89 செ.மீ. உயரத்தை எட்டினாலோ, அதற்கு முன்பே சட்டத்தின் மேல் காலைப் போட்டு ஏறப் பார்த்தாலோ, தொட்டிலை மடித்துப் பரணில் ஏற்றிவிட்டுத் தரையில் பாய் விரித்துவிடுங்கள். எங்கள் வீட்டு மருமகன் ஒன்றரை வயதிலேயே காலைத் தூக்கிப் போட்டுவிட்டான்.