வேரிசஸ் ரத்தக்கசிவு: எண்டோஸ்கோப்பியை எந்த நேரத்தில் செய்வது

சிரோசிஸ் (தழும்பேறி இறுகிய கல்லீரல்) உள்ளவர்களின் உணவுக்குழாயிலோ இரைப்பையிலோ புடைத்துக்கொள்ளும் சிரைகள்தான் வேரிசஸ். அப்படிப்பட்டவர் ரத்த வாந்தியோடு வந்தால், பி.பி.யும் நாடியும் அடங்கி ரத்த ஓட்டம் நிலைப்பட்டதும், வந்து சேர்ந்த 12 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப்பி (கேமரா குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பது) செய்ய வேண்டும் என்கிறது பன்னாட்டு நிபுணர்களின் பவேனோ 7 வழிகாட்டுதல். பலர் 12 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, ‘நிலைப்பட்டதும்’ என்பதை விட்டுவிடுகிறார்கள். 12 மணி என்பது கடைசி எல்லை. அதுவரை சும்மா இருக்கலாம் என்று பொருளில்லை.

நோயாளி வாசலில் நுழைந்த நேரத்திலிருந்தே கணக்கு தொடங்குகிறது. எண்டோஸ்கோப்பி டாக்டருக்குப் போன் செய்த நேரத்திலிருந்து அல்ல. அதைக் கேஸ் ஷீட்டின் மேலே எழுதிவையுங்கள். வேறு மருத்துவமனையிலிருந்து அனுப்பப்பட்டவர் என்றால் அங்கே கழிந்த மணிகளையும் சேர்த்துக்கொள்வதே நியாயம்.

முதல் மணி நேரத்தில் பெரிய துளையுள்ள இரண்டு ஐ.வி. லைன், ரத்தப் பிரிவு, கிராஸ் மேட்ச் (ஏற்றும் ரத்தம் பொருந்துமா என்ற சோதனை). அதோடு போர்ட்டல் அழுத்தத்தை, அதாவது குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் சிரையின் அழுத்தத்தை, குறைக்கும் மருந்து. வேரிசஸ்தானா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யும்வரை இதற்குக் காத்திருக்கக் கூடாது, சந்தேகமே போதும். டெர்லிப்ரெசின் என்றால் 2 மி.கி., 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. கசிவு அடங்கியதும் 1 மி.கி. ஆகக் குறைக்கலாம். இதயத் தமனி அடைப்பு, கை கால் ரத்தநாள நோய் உள்ளவர்களுக்கு இது ஆபத்து. சோடியமும் இறங்கக்கூடும், தினமும் பாருங்கள். இதய, ரத்தநாள நோய் உள்ள அவர்களுக்கு ஆக்ட்ரியோடைடு: 50 மைக்ரோகிராம் ஒரே ஊசியாக, பிறகு மணிக்கு 50. கூடவே செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் 1 கிராம், நாளுக்கு ஒருமுறை. எண்டோஸ்கோப்பி வசதி இல்லாத மருத்துவமனையும் இவற்றைக் கொடுத்த பிறகே ஆம்புலன்சில் ஏற்ற வேண்டும்.

ரத்தம் ஏற்றுவதில் கை தாராளமாகப் போவதுதான் வழக்கமான தவறு. ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால் ஏற்றி, 7–8-இல் நிறுத்துங்கள். அதற்கு மேல் நிரப்பினால் போர்ட்டல் அழுத்தமும் ஏறி, நின்ற கசிவு மறுபடி திறக்கும். வெள்ளமாகக் கொட்டும்போது மட்டும் எண்ணைப் பார்த்து நிற்க முடியாது. ஐ.என்.ஆரை (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தின் அளவு) சரிசெய்யப் பிளாஸ்மா ஏற்றுவதிலும் இதே சிக்கல்: கசிவு நிற்காது, கன அளவு மட்டும் கூடும். ரத்தக்கட்டி கரையாமல் தடுக்கும் டிரானெக்சாமிக் அமிலமும் வேண்டாம்.

ஸ்கோப்புக்கு 30 முதல் 120 நிமிடம் முன்னால் எரித்ரோமைசின் 250 மி.கி. நரம்பு வழியே கொடுத்தால் இரைப்பை காலியாகும். இந்த மருந்து ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளியை நீட்டக்கூடும், அதனால் முதலில் அதைப் பார்த்துவிடுங்கள். எரித்ரோமைசினை விட்டுவிட்டால் ரத்தக்கட்டி ஃபண்டஸை (இரைப்பையின் மேல்பகுதி) மறைத்து, அங்கே கசியும் இரைப்பை வேரிசஸ் கண்ணில் படாது. நினைவு தடுமாறியவருக்கும், வாந்தியில் ரத்தம் வந்துகொண்டிருப்பவருக்கும் முதலில் மூச்சுக்குழாயில் குழாய் போட்டுப் பாதுகாக்க வேண்டும். இல்லையேல் ரத்தம் நுரையீரலுக்குள் போகும். வேலை முடிந்ததும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் எடுத்துவிடுங்கள்.

இரவு 10 மணிக்கு வந்தவர் நிலையாக இருந்தால் விடியும்வரை தயார்ப்படுத்தலாம். ஆனால் காலை லிஸ்டில் அவரை ஐந்தாவது ஆளாகப் போட்டால் 12 மணி தாண்டிவிடும். அவர்தான் முதல் கேஸ். மருந்து கொடுத்தும் பி.பி. நிற்கவில்லை, வாந்தியும் ஓயவில்லை என்றால் 12 மணிக் கணக்கே பொருந்தாது: குழாய் போட்டு, ரத்தம் ஏற்றிக்கொண்டே, பாதுகாப்பாக முடிந்த முதல் நேரத்தில் செய்ய வேண்டும். 6 மணிக்குள் செய்வதால் இறப்பு குறையவில்லை என்று 2020-இல் வெளிவந்த ஹாங்காங் ஆய்வைச் சிலர் இங்கே எடுத்துக்காட்டுவார்கள். அதில் பெரும்பாலோர் புண்ணால் கசிந்தவர்கள், நிலைப்படாதவர்கள் சேர்க்கப்படவே இல்லை. வேரிசஸைத் தள்ளிப்போட அது சாட்சியாகாது.

வேரிசஸை ரப்பர் வளையத்தால் இறுக்குவதே பேண்டிங், அதற்கு ஸ்கோப்பின் நுனியில் மாட்டும் கருவி பேண்டர். முதலில் பேண்டர் மாட்டாத ஸ்கோப்பால் இரைப்பைவரை பாருங்கள். பேண்டர் பார்வையைச் சுருக்கும். பேண்டிங்கை உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் தொடங்கி, சுழற்சியாக மேலே வாருங்கள். மேலே முதலில் போட்டால் அந்த முடிச்சே கீழே போக வழிவிடாது. திரை முழுவதும் சிவக்கும்வரை உறிஞ்சிய பிறகே பேண்டை விடுங்கள். அரைகுறையாக உறிஞ்சினால் பேண்ட் நழுவும்.

போர்ட்டல் அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தை 2 முதல் 5 நாள் தொடருங்கள். கல்லீரல் பாதிப்பை அளக்கும் சைல்டு மதிப்பீட்டில் சி வகுப்பில் 10–13 மதிப்பெண் உள்ளவர்களும், 7-க்கு மேல் உள்ள பி வகுப்பினரில் ஸ்கோப்பின்போதே கசிந்துகொண்டிருந்தவர்களும் 72 மணிக்குள் டிப்ஸ் (போர்ட்டல் ரத்தத்துக்குக் கல்லீரலுக்குள்ளேயே ஸ்டென்டால் மாற்றுவழி அமைப்பது) செய்யத் தகுதியானவர்களா என்று அன்றே முடிவெடுக்க வேண்டும். பேண்டிங் தோற்றால், உணவுக்குழாய்க்குள் வைத்துக் கசிவை அழுத்தும் பலூனோ உலோக ஸ்டென்டோ டிப்ஸ்வரை பாலமாகும். பலூன் 24 மணிக்கு மேல் இருந்தால் உணவுக்குழாய்ச் சுவரே அழுகத் தொடங்கும்.