பழைய கச்சேரிப் பதிவுகள் கேட்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

கர்நாடக சங்கீதத்தில் ஆர்வம் முற்றியவர்கள் கடைசியில் பழைய பதிவுகளிடம்தான் வந்து சேருவார்கள். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், ஜி.என்.பி. (ஜி.என். பாலசுப்ரமணியம்), மதுரை மணி ஐயர், எம்.எஸ். சுப்புலட்சுமி என்று அந்தக் காலப் பாடகர்களில் யாரை வேண்டுமானாலும் இன்று வீட்டில் உட்கார்ந்தபடியே கேட்கலாம். ஆனால் நம் காதில் விழுவது அந்த வித்வானின் சங்கீதம் மட்டுமில்லை. கிராமபோன் தட்டு, டேப், மைக், பிரதி எடுத்தவரின் கைவேலை எல்லாம் அதில் கலந்திருக்கும். அதைக் கவனிக்காமல் பாடியவருக்கு மார்க் போடுவதுதான் பெரிய தவறு.

முக்கியமாக வேகம். ஸ்பூல் டேப்பிலிருந்து கேசட்டுக்கும் அங்கிருந்து கணினிக்கும் போய்ச் சேருவதற்குள் ஓட்டம் கூடும், குறையும். சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள்; ஓட்டம் சுமார் 6 சதவீதம் கூடினாலே சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக் கட்டையில் கேட்பார். குரல் மெலியும், பிருகா (வேகமாக உருளும் ஸ்வரக் கோவை) நம்பமுடியாத வேகத்தில் உருளும், சௌக்கமாக, அதாவது மெதுவாகப் பாடிய கீர்த்தனை நடுத்தர வேகமான மத்திம காலம்போல ஓடும். 78 தட்டுகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. பெயர்தான் 78. ஆரம்பகாலத் தட்டுகள் எல்லாமே நிமிடத்துக்குச் சரியாக 78 சுற்றில் பதிவானவை இல்லை.

சந்தேகம் வந்தால் தம்பூரா செயலியை வைத்து சுருதி எத்தனை கட்டை என்று பாருங்கள். அப்புறம் அதே வித்வான் அதே காலத்தில் பாடிய வேறு இரண்டு மூன்று கச்சேரிகளோடு ஒப்பிடுங்கள். மற்றதெல்லாம் ஒன்றரையை ஒட்டி இருக்க, ஒன்று மட்டும் இரண்டரையில் நின்றால் பதிவின் மேல்தான் சந்தேகம் வரவேண்டும். மிருதங்கமும் காட்டிக்கொடுக்கும். தொப்பியின் (இடது பக்கத்தின்) கும்கி என்ற ஆழ்ந்த நாதத்தில் கனமே இல்லாமல் போயிருக்கும். சரிசெய்ய நினைப்பவர்கள் சுருதியை மட்டும் தனியாக இறக்கக்கூடாது. சுருதியும் காலப்பிரமாணமும் (பாட்டின் வேகமும்) சேர்ந்து இறங்கும்படி ஓட்ட வேகத்தையே குறைக்கவேண்டும். சுருதியை மட்டும் இறக்கினால் குரல் சரியானமாதிரி தோன்றும், பாட்டு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

இன்னொன்று, 78 தட்டை வைத்து முழுக் கச்சேரியை எடைபோடுவது. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குக் கிடைத்தது ஏறக்குறைய மூன்றரை நிமிடம். அதற்குள் பல்லவி, அனுபல்லவி, சரணம், முடிந்தால் நாலு ஆவர்த்தம் (தாளச் சுற்று) ஸ்வரம் என்று அடக்கவேண்டும். அந்தக் காலத்தில் எல்லாரும் இப்படித்தான் அவசரமாகப் பாடினார்கள் என்று இதைக் கேட்டு முடிவுகட்டுவது நியாயமில்லை. நாகஸ்வரத்தில் மணிக்கணக்காக ஆலாபனை செய்யக்கூடிய ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, தட்டில் சில நிமிடம்தான். ஆனால் அதைக் குறை என்றும் ஒதுக்காதீர்கள். முதல் பிடியிலேயே ராகம் தெரிந்தாக வேண்டும், வீணாக ஒரு சங்கதிகூட இருக்கக்கூடாது. ராகத்தின் சாரத்தைப் பிடித்துக்கொள்ள விரும்பும் ரசிகருக்கு இந்தத் தட்டுகளைவிட நல்ல பாடம் கிடையாது என்பேன். தட்டில் ஒரு ராகத்தைக் கேட்டுவிட்டு, அதே ராகத்தை அதே வித்வானின் கச்சேரிப் பதிவில் தேடிக் கேளுங்கள்.

எந்த வயதில் பாடியது என்று பார்க்காமல் கேட்பதும் தவறு. பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயர் 1908இல் பிறந்து 2003வரை வாழ்ந்தவர், தள்ளாத வயதிலும் பாடியவர். கடைசிக் காலப் பதிவு ஒன்று மட்டும் கையில் கிடைத்து, அதோடு நிறுத்திக்கொண்டவர்களுக்காக வருத்தப்படுகிறேன். ஜி.என்.பி.யையும் இளமைக்காலத் தட்டுகளில் ஒருமுறை, அறுபதுகளின் கச்சேரிகளில் ஒருமுறை கேட்கவேண்டும். குரல் மாறியிருக்கும், சங்கீதத்தின் நிதானமும் மாறியிருக்கும்.

பாடகர் எம்.டி. ராமநாதனைப் போன் ஸ்பீக்கரில் தயவுசெய்து கேட்காதீர்கள். தாழ்ந்த சுருதி, மந்திர ஸ்தாயியில் (கீழ் ஸ்வரங்களில்) நீண்டு நிற்கும் கார்வை, அவசரமே இல்லாத விளம்ப காலம்: அவருடைய சொத்தே இதுதான். சின்ன ஸ்பீக்கரில் கீழ் ஸ்வரங்களின் கனம் பாதிக்குமேல் காணாமல் போய்விடும். மிஞ்சுவதைக் கேட்டுவிட்டு ‘இழுக்கிறார்’ என்று சொல்வது அநியாயம். நல்ல ஹெட்போனில் அவருடைய சஹானா ராகத்தைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

இரைச்சல் நீக்கிய பதிவுதான் உசத்தி என்று நம்பவேண்டாம். ‘உஸ்’ஸென்ற சத்தத்தை அளவுமீறித் துடைத்தால், அதோடு தம்பூராவின் ரீங்காரமும் வயலின் வில்லின் உரசலும் மிருதங்கத்தின் சாப்பு என்ற கணீர் ஒலியும் போய்விடும். இரண்டு பிரதி கிடைத்தால் இரைச்சலோடு இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் காது பழகிவிடும்.

தாள வாத்தியக்காரர்கள் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வந்ததும் தள்ளிவிடுகிறார்கள், சிலர் பதிவிலிருந்தே வெட்டிவிடுகிறார்கள். மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் வாசித்த கச்சேரியில் தனியை வெட்டினால் கச்சேரியில் பாதி போயிற்று. தனி மட்டுமில்லை, பாட்டு நடக்கும்போது அவர் எந்த இடத்தில் கையை எடுத்துவிட்டுச் சும்மா இருக்கிறார் என்று கவனியுங்கள். சாஹித்யத்தை (பாட்டின் வரிகளை) அவர் எவ்வளவு கூர்ந்து கேட்டிருக்கிறார் என்பது அந்த இடத்தில் தெரியும்.

கடைசியாக, பெயர்ச்சீட்டு. இணையத்தில் ராகம், வருஷம், பக்கவாத்தியம் எல்லாமே தப்பாக எழுதப்பட்டு, அதே தப்போடு பிரதியாகிக்கொண்டிருக்கின்றன. தெரியாததை ஊகித்து நிரப்பாமல் காலியாக விட்டுவிடுங்கள். தெரிந்தால் பாடியவர் பெயரோடு வயலின், மிருதங்கம், கடம் வாசித்தவர்களின் பெயரையும் எழுதுங்கள். அடுத்தவருக்குப் பிரதி கொடுக்கும்போது நடுவில் வரும் சுருதி சேர்ப்பு, சபையின் ‘ஆஹா’, கைதட்டல் எதையும் வெட்டாமல் கொடுங்கள்.