இலையுதிர் காலத்தில் புல்தரை: ரொறன்ரோ வீட்டுக்காரருக்கு ஒரு செய்முறை

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜெக்ஸ் பக்கம் முதன்முதலாக வீடு வாங்கியவர்களில் பலர், மே மாதம் பிறந்ததும் புல் விதைப் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். விதை முளைக்கத்தான் செய்யும். ஆனால் வேர் ஆழமாக இறங்குமுன் ஜூலை வெயில் வந்து பாதியைக் கருக்கிவிடும். மிச்ச இடத்தைக் களை பிடித்துக்கொள்ளும்.

இங்கே நம் வளவுகளில் இருப்பது பெரும்பாலும் கென்டக்கி புளூகிராஸ், ரைகிராஸ், ஃபெஸ்க்யூ ஆகியவற்றின் கலவை. மூன்றுமே குளிர்ச்சியை விரும்பும் புற்கள். கோடையில் சோர்ந்து கிடந்து, மண்ணில் சூடு இருக்கும்போதே காற்று குளிரத் தொடங்கும் செப்டெம்பரில் மறுபடி உயிர்பெறும். ஆகவே அடுத்த வருடப் புல்தரைக்கான வேலையை இப்போதே செய்ய வேண்டும்.

முதல் படி: மண்ணுக்குள் பாருங்கள்

ஓகஸ்ட் கடைசியில், மஞ்சளாகிப்போன ஓரிடத்தில் புல்லைக் கையால் பிடித்து இழுங்கள். வேரில்லாமல் பாய்போலக் கழன்று வந்தால் கீழே வண்டுப் புழு இருக்கிறது. இரவில் ஸ்கங்க்கும் ரக்கூனும் வந்து புல்லைக் கிளறிப் போடுவதும் இந்தப் புழுவைத் தின்னத்தான்.

உறுதிசெய்ய, ஓர் அடி நீள அகலத்தில் மூன்று பக்கம் வெட்டி, புல்லைத் திருப்பிப் பாருங்கள். பழுப்புத் தலையோடு வளைந்து கிடக்கும் வெள்ளைப் புழு ஒன்றிரண்டு இருந்தால் கவலையில்லை. பத்துக்கு மேல் இருந்தால் நெமடோட் வாங்குங்கள். இவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உயிர்கள். புழுவுக்குள் புகுந்து அதைக் கொல்லும். வெயில் பட்டால் செத்துவிடும் என்பதால், மண்ணை முதலில் நன்றாக நனைத்து, மாலை மங்கியபின் தெளியுங்கள். பிறகு ஒரு வாரமாவது மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செப்டெம்பர் நடுப்பகுதிக்குள் முடிப்பது நல்லது. புழு பெரிதாகி, குளிருக்கு ஆழத்தில் இறங்கியபின் பலன் குறைவு.

இரண்டாம் படி: ஏரேட் செய்யுங்கள் (மண்ணில் துளையிட்டுக் காற்றோட்டம் கொடுங்கள்)

புதுக் குடியிருப்புகளில் மேல்மண் மெல்லியது. அதற்குக் கீழே இறுகிய களிமண். ஸ்க்ரூட்ரைவரை அழுத்தினால் இறங்க மறுக்கிறதா? அப்படியானால் ஏரேட்டர் மெஷினை வாடகைக்கு எடுங்கள். வெறுமனே ஆணியால் குத்தும் வகை வேண்டாம், அது மண்ணை இன்னும் இறுக்கும். மண்ணைத் துண்டு துண்டாக வெளியே இழுத்துப் போடும் வகைதான் வேண்டும். அந்தத் துண்டுகளை அள்ளாதீர்கள், மழையில் கரைந்து அங்கேயே சேர்ந்துவிடும்.

மூன்றாம் படி: விதை

நேரம் இல்லாதவர்கள் மற்றவற்றை விட்டாலும் இதை மட்டும் விடக் கூடாது. ஓகஸ்ட் கடைசி முதல் செப்டெம்பர் மூன்றாம் வாரம் வரை நல்ல காலம். புல்லை ஐந்து சென்ரிமீற்றர் அளவுக்கு வெட்டி, காய்ந்த புல்லை ரேக்கால் அழுத்தி வாரி எடுங்கள். மண் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மண்ணைத் தொடாத விதை முளைக்காது. 100 சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 2 கிலோ விதை போதும். பாதியை நீளவாக்கிலும் மீதியைக் குறுக்காகவும் தூவினால் திட்டுத்திட்டாக வராது. மேலே அரைச் சென்ரிமீற்றருக்குக் கொம்போஸ்ட் பரப்பி, காலால் மெல்ல மிதித்துவிடுங்கள்.

அடுத்தது தண்ணீர். பலருடைய விதை வீணாவது இங்கேதான். ரைகிராஸ் ஒரு வாரத்தில் தலைகாட்டும். பச்சையைக் கண்டதும் ‘முளைத்துவிட்டது’ என்று ஹோஸைச் சுருட்டி வைத்துவிடுகிறார்கள். ஆனால் அதே பையிலுள்ள புளூகிராஸ் முளைக்க மூன்று வாரம்கூட ஆகும். அதுவரை தினமும் ஒருமுறையோ இருமுறையோ, மேல்மண் ஈரமாக இருக்கும் அளவுக்கு மட்டும் தெளியுங்கள். புதுப் புல் ஏழெட்டுச் சென்ரிமீற்றர் வளர்ந்தபின் முதல் வெட்டு.

செப்டெம்பர் கடந்துவிட்டதென்றால் அவசரப்பட்டுப் போடாதீர்கள். இளம் புல் குளிரில் செத்துவிடும். நவம்பரில் மண் நன்றாகக் குளிர்ந்தபின் தூவினால், விதை உறங்கிக் கிடந்து வசந்தத்தில் முளைக்கும்.

நான்காம் படி: களை

2009 முதல் ஒன்ராறியோவில் அழகுக்காக மட்டும் புல்தரையில் இரசாயனக் களைகொல்லி அடிப்பதற்குத் தடை உண்டு. மழை பெய்த மறுநாள் டான்டெலியனை வேரோடு பிடுங்குங்கள். கடைகளில் கிடைக்கும் இரும்புக் கலவை மருந்துக்கு அனுமதி உண்டு. சீமெந்தில் பட்டால் துருக்கறை விழும், கவனம்.

ஐந்தாம் படி: உரம்

உரப் பையிலுள்ள மூன்று எண்களில் முதலாவது, அதில் நூற்றுக்கு எத்தனை பங்கு நைதரசன் என்பதைக் காட்டும். 100 சதுர மீற்றருக்கு அரைக் கிலோ நைதரசன் போதும். முதல் எண் 20 என்றால் இரண்டரைக் கிலோ உரம் போட வேண்டும். ஒக்டோபர் நடுப்பகுதிக்குள், புல் பச்சையாக இருக்கும்போதே போடுங்கள். உறைந்த மண்ணில் போட்டால் புல்லுக்குப் போகாமல், மழைநீர்க் கால்வாய் வழியாக ஒன்ராறியோ ஏரிக்குத்தான் போகும். ட்ரைவ்வேயில் சிதறியதையும் கூட்டிப் புல்லுக்குள் தள்ளிவிடுங்கள்.

ஆறாம் படி: இலைகளை வீசாதீர்கள்

கடதாசிப் பைகளில் இலையை அடைத்துத் தெருவில் வைப்பதில் எத்தனை சனி, ஞாயிறு போகிறது! தேவையில்லை. இலை காய்ந்திருக்கும் நாளில் புல்வெட்டும் மெஷினை உயரமாக வைத்து, அதன் மேலேயே இரண்டு முறை ஓட்டுங்கள். இலை நாணயம் அளவுக்குப் பொடியாகி, இடையிடையே புல் தெரிந்தால் அப்படியே விடுங்கள். மண்புழுவும் நுண்ணுயிரும் அதை உரமாக்கிக்கொள்ளும். மேப்பிள் இலையில் கரும்புள்ளி இருந்தாலும் புல்லுக்குக் கெடுதல் இல்லை.

இரண்டு வாரம் சேரவிட்டு ஓட்டுவதில் பயனில்லை. நோர்வே மேப்பிளின் அகன்ற இலை நனைந்தால் ஒன்றோடொன்று ஒட்டி, கீழே வெளிச்சம் போகாமல் மூடிவிடும். அப்படி ஒட்டியதையும் மிஞ்சியதையும் வாரிப் பூச்செடிகளின் அடியில் போடுங்கள்.

ஏழாம் படி: கடைசி வெட்டு

வளர்ச்சி நிற்கும்வரை, அனேகமாக நவம்பர் முதல் வாரம் வரை, வெட்டிக்கொண்டே இருங்கள். கடைசி வெட்டில் ஐந்து அல்லது ஆறு சென்ரிமீற்றர் விடுங்கள். நீண்ட புல் ஸ்நோவுக்கு அடியில் மடிந்து அழுகும். வசந்தத்தில் வட்டவட்டமாகச் சாம்பல் பூஞ்சணம் தெரிவது அதனால்தான்.

பிறகு ஹோஸைக் கழற்றுங்கள். வெளிக் குழாய்க்குப் போகும் தண்ணீரை பேஸ்மென்டில் மூடிவிட்டு, வெளியே குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். ட்ரைவ்வேக்கு உப்புப் போடுபவர்கள், அங்கே வாரும் ஸ்நோவைக் குவிக்கும் இடத்தையும் இப்போதே தீர்மானித்துவிடுங்கள்; புது விதை போட்ட பக்கம் மட்டும் வேண்டாம்.