யூகோஸ்லாவியப் படங்கள்: பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செர்பியா, குரோஷியா, ஸ்லோவேனியா, போஸ்னியா, மாசிடோனியா எல்லாம் ஒன்றாக இருந்து 1990களில் உடைந்துபோன நாடு யூகோஸ்லாவியா. உலக சினிமா பார்க்கத் தொடங்கும் நம்மவர்கள் பலர் அதற்குள் நுழைவது எமிர் குஸ்துரிட்சாவின் 'அண்டர்கிரவுண்ட்' வழியாகத்தான். 1995 இல் கான் விழாவில் தங்கப் பனை வாங்கிய படம். பேண்டு வாத்தியமும் குடியும் கூத்துமாக ஓடி, கடைசியில் ஒரு துண்டு நிலம் கரையிலிருந்து பிய்ந்து தண்ணீரில் மிதந்து போகும். பார்த்து முடித்ததும் அந்த நாட்டின் ஐம்பது வருடக் கதை புரிந்துவிட்டது போலத் தோன்றும். உண்மையில் நமக்குக் கிடைத்திருப்பது குஸ்துரிட்சாவின் பார்வை மட்டும்தான். அதனால் இந்தப் படத்தை முதலில் பார்ப்பதே முதல் தவறு.

ஏன் என்பதற்கு ஒரு இடத்தைச் சொல்கிறேன். 1941 ஏப்ரலில் ஜெர்மானியர் உள்ளே வருவதைப் பழைய செய்திப்படத் துண்டுகளை வைத்துக் காட்டியிருப்பார். ஸ்லோவேனியாவின் மாரிபோரிலும் குரோஷியாவின் ஸாக்ரெப்பிலும் ஜனங்கள் திரண்டு நின்று வரவேற்கிறார்கள். செர்பியாவின் பெல்கிரேடு இடிந்து கிடக்கிறது. பின்னணியில் ஜெர்மன் சிப்பாய்களின் 'லிலி மார்லீன்' பாட்டு ஓடுகிறது. துண்டுகள் எல்லாம் நிஜம். ஆனால் ஸ்லோவேனியர்களும் குரோஷியர்களும் கைதட்டினார்கள், செர்பியர்கள் அடிபட்டார்கள் என்று நமக்குத் தோன்றும்படி வரிசைப்படுத்தியது எடிட்டிங். குரோஷியாவில் பாசிச உஸ்தாஷா ஆட்சி கொடூரம் செய்தது உண்மைதான். அதே 1941 இல் பெல்கிரேடில் ஜெர்மானியருக்கு ஒத்துழைத்த மிலான் நெடிச்சின் அரசு உட்கார்ந்ததும் உண்மை. குரோஷியர்களும் ஸ்லோவேனியர்களும் ஆயிரக்கணக்கில் பார்ட்டிசான் படையில், அதாவது பிறகு நாட்டை ஆண்ட டிட்டோவின் கம்யூனிஸ்ட் கெரில்லாப் படையில், சேர்ந்து ஜெர்மானியரை எதிர்த்ததும் உண்மை. அந்த வரிசையில் இவற்றுக்கு இடமில்லை. படம் வெளியான 1995 இல் போஸ்னியாவில் போர் இன்னும் ஓயவில்லை என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால் அந்த எடிட்டிங்கின் கனம் புரியும்.

இந்தப் படங்கள் எல்லாவற்றுக்கும் இரண்டு வருடங்கள் உண்டு. கதை நடக்கும் வருடம் ஒன்று, படம் எடுத்த வருடம் ஒன்று. நம்மில் பலர் முதலாவதை மட்டும் பார்க்கிறோம். இரண்டாவதையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் பாதிப் படம் கைநழுவிப் போகும். அதற்காக 'அண்டர்கிரவுண்ட்' பார்க்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். எனக்கு மிகவும் பிடித்த படம் அது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் அலென் ஃபிங்கெல்க்ரோட் படத்தைப் பார்க்காமலேயே கண்டித்து எழுதினார், அது இன்னொரு வகைத் தவறு. நாலைந்து படங்கள் பார்த்த பிறகு அதற்கு வாருங்கள், அவ்வளவுதான்.

முதலில் எதைப் பார்ப்பது? ஸ்லோபோதன் ஷியான் எடுத்த 'ஹூஸ் சிங்கிங் ஓவர் தேர்' என் தேர்வு. 1941 ஏப்ரல் 5 ஆம் தேதி, ஒரு லொடலொட பஸ் கிராமத்திலிருந்து பெல்கிரேடுக்குக் கிளம்புகிறது. முதல் உலகப்போரில் சண்டை போட்ட கிழவர், ஜெர்மன்காரர்களை மெச்சும் ஒருவர், காசநோயாளி, புதுமணத் தம்பதி, பாட்டுப் பாடிப் பிழைக்கும் ரோமா (ஜிப்சி) இனத்தவர் இருவர். பர்ஸ் ஒன்று காணாமல் போகிறது. யார் எடுத்தது என்று யாரும் விசாரிப்பதில்லை. மொத்த பஸ்ஸும் அந்த இருவர் மேல் பாய்கிறது. மறுநாள் ஏப்ரல் 6, பெல்கிரேடு மேல் குண்டு விழப்போகும் நாள். இது வெளிவந்தது 1980 இல், டிட்டோ இறந்த வருடம். 'அண்டர்கிரவுண்ட்' படத்தின் மூலக்கதை எழுதிய துஷான் கோவாச்செவிச்தான் இதற்கும் எழுத்து.

அடுத்த தவறு, யூகோஸ்லாவியாவை சோவியத் முகாமில் சேர்த்துவிடுவது. நேரு, எகிப்தின் நாசரோடு டிட்டோவின் பெயரையும் சேர்த்தே கேட்டு வளர்ந்தவர்கள் நம் வீடுகளில் உண்டு. அணிசேரா நாடுகளின் முதல் மாநாடு நடந்ததே 1961 இல் பெல்கிரேடில்தான். இருந்தும் படம் பார்க்கும்போது இதை மறந்துவிடுகிறோம். மறந்தால் குஸ்துரிட்சாவின் 'வென் ஃபாதர் வாஸ் அவே ஆன் பிசினஸ்' தலைகீழாகப் புரியும். அதில் அப்பா ரயிலில் பேப்பர் படிக்கிறார். கார்ல் மார்க்ஸ் மேஜையில் எழுதிக்கொண்டிருக்க, பின்னால் சுவரில் ஸ்டாலின் படம் மாட்டியிருக்கும் கார்ட்டூன். இது கொஞ்சம் ஓவர் என்று ஒரு வார்த்தை விடுகிறார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் மனிதர் உள்ளே போகிறார். பிள்ளைகளிடம் அப்பா வேலையாக வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லிவைக்கிறார்கள். ஸ்டாலினைத் திட்டியதற்கு அல்ல, ஸ்டாலின் பக்கம் சாய்ந்தவர் என்ற சந்தேகத்துக்குத்தான் தண்டனை. 1948 இல் டிட்டோவும் ஸ்டாலினும் முறித்துக்கொண்ட பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் கோலி ஓட்டோக் தீவுச் சிறைக்குப் போனது இப்படித்தான்.

பார்ட்டிசான் படங்களைப் பிரசாரம் என்று ஒதுக்குபவர்களும் உண்டு, அப்படியே சரித்திரமாக எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. 1969 இல் வந்த 'பேட்டில் ஆஃப் நெரெத்வா' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். யுல் பிரின்னர், ஆர்சன் வெல்ஸ், செர்கேய் பொந்தார்ச்சுக் எல்லாரும் நடித்தது. ஒரு போஸ்டரை வரைந்தவர் பிகாசோ. போஸ்னியாவில் நெரெத்வா ஆற்றங்கரை ஊரான யப்லானிட்சாவில் நிஜப் பாலம் ஒன்றையே படத்துக்காக வெடி வைத்துத் தகர்த்தார்கள். புகை மறைத்துவிட்டதால் அந்தக் காட்சி உதவாமல், பிராக் ஸ்டூடியோவில் மாடல் பாலம் கட்டி எடுத்தார்கள். இடிந்த பாலம் இன்றும் ஆற்றில் சரிந்து கிடக்கிறது. 1943 போரில் அங்கே பாலம் தகர்க்கப்பட்டது நிஜம், ஆனால் இன்று கிடப்பது படப்பிடிப்பு விட்டுப்போனது. படமும் அப்படித்தான், போரும் புனைவும் பிரிக்க முடியாமல் கலந்தது. அதே 1943 மார்ச்சில் பார்ட்டிசான் தூதுக்குழு ஜெர்மானியரோடு பேச்சுவார்த்தை நடத்தியது. படம் அதைத் தொடவில்லை. டிட்டோவின் அரசு தன்னைப் பற்றி என்ன நம்ப விரும்பியது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல ஆவணம் இல்லை.

"அந்தப் பக்கத்து ஆட்கள் காலங்காலமாக வெட்டிக்கொள்பவர்கள்" என்று முடிவு கட்டுவதும் அடிக்கடி நடக்கிறது. 1994 இல் வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்கிய, மாசிடோனியாவில் இனப் பகையைக் கதையாக்கிய 'பிஃபோர் தி ரெயின்' பார்த்துவிட்டு இப்படிப் பேசுவார்கள். அந்தப் படம் வந்தபோது மாசிடோனியாவில் போரே இல்லை. 1980களின் கடன் சுமை, 1989 இல் ஆயிரம் சதவீதத்தைத் தாண்டிய பணவீக்கம், அதை வைத்து செர்பியத் தலைவர் மிலோஷெவிச் போன்றவர்கள் செய்த அரசியல் எல்லாவற்றையும் 'பழைய பகை' என்ற ஒரு சொல் மூடி மறைத்துவிடும்.

இதற்கு நெருங்கிய சொந்தம், எல்லாரும் சமமாகக் குற்றவாளிகள் என்று சமாதானமாகிவிடுவது. நம் 'லகான்' போட்டியிட்ட வருடம் ஆஸ்கர் வென்ற 'நோ மேன்ஸ் லேண்ட்' படத்தில், ஒரு பதுங்குகுழிக்குள் போஸ்னியாக் (போஸ்னிய முஸ்லிம்) வீரனும் செர்பிய வீரனும் மாட்டிக்கொள்கிறார்கள். போரை ஆரம்பித்தது யார் என்று சண்டை. துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவன் விரும்பும் பதிலை மற்றவன் சொல்கிறான். பதிலே கிடையாது என்று அந்தக் காட்சிக்கு அர்த்தமில்லை. துப்பாக்கி முனையில் உண்மை வராது என்றுதான் அர்த்தம்.

பதில் இருக்கும் இடத்தை யஸ்மிலா ஷ்பானிச்சின் 'குவோ வாடிஸ், ஐடா?' காட்டுகிறது. 1995 ஜூலை, போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா. ஐநா பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்த ஊரில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட போஸ்னியாக் ஆண்களும் சிறுவர்களும் போஸ்னிய செர்பியப் படையால் கொல்லப்பட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் ஐடா கற்பனைப் பாத்திரம், அவள் கணவனும் மகன்களும் கற்பனை. அதைச் சாக்காக வைத்து "எல்லாம் சினிமாதானே" என்பவர்களை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. நடந்தது இனப்படுகொலை என்று சர்வதேச நீதிமன்றம் 2007 இல் தீர்ப்பளித்தது. அந்தப் படையின் தளபதி ராட்கோ மிலாடிச்சின் ஆயுள் தண்டனை 2021 இல் மேல்முறையீட்டிலும் உறுதியானது. இந்தத் தீர்ப்புகள் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. படம் பார்க்கிற அதே வாரத்தில் அவற்றின் சுருக்கத்தையாவது படித்துவிடுங்கள்.