ஊருக்கே ஒரே தொழில்: சிற்றூர்ச் சிறுதொழில் பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வறுமை மிகுந்த சிற்றூர்களில் சிறுதொழில் தொடங்க உதவும் பணிக்குப் புதிதாக வருபவர்களுடன் களத்துக்குச் செல்லும்போதெல்லாம், எங்கள் தலைமுறையினர் செய்து, பட்டு, கைவிட்ட அதே தவறுகள் புதிய திட்டப் பெயர்களுடன் திரும்பி வருவதைக் காண்கிறேன். கணக்கு எழுதாமை, வரம்பின்றிக் கடனுக்குச் சரக்கு கொடுத்தல் ஆகியவற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை; அவை விரைவிலேயே தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். அறிக்கையில் வெற்றியாகத் தோன்றி, ஊரில் நட்டமாக முடியும் தவறுகளையே இங்கே எழுதுகிறேன்.

எல்லோரையும் தொழில்முனைவோர் ஆக்க முயல்வது

வேண்டாம். பலருக்குத் தேவை நிலையான கூலி வேலைதான்.

ஊர் முழுவதற்கும் ஒரே பயிற்சி

இன்றும் எனக்குக் கோபமூட்டுவது இதுதான். ஒரு பயிற்றுநர், ஒரு கூடம், மொத்தமாக வாங்கிய இயந்திரங்கள் என்று அமைத்துவிட்டால் பயிற்சி நடத்துபவருக்கு வேலை எளிதாகிறது என்பதால், ஓர் ஊரின் பெண்கள் அனைவருக்கும் தையல் கற்பிக்கப்படுகிறது. அப்படி ஒரு பயிற்சியின் நிறைவுக் கூட்டத்தில், பின்வரிசையில் இருந்த பெண் ஒருவர் எழுந்து, "நாங்க எல்லாருமே தைக்கக் கத்துக்கிட்டோம், இனிமே எங்ககிட்ட யாருங்க துணி குடுப்பாங்க?" என்று கேட்டார். மேடையில் இருந்தவர்கள் சிரித்துக் கடந்தார்கள். அவர் கேட்டதே நடந்தது. அதுவரை அவ்வூரில் தைத்துப் பிழைத்த இருவரின் வருமானமும் சிதறியது. புதிதாகக் கற்றவர்களோ இயந்திரக் கடனின் தவணையை வயல் கூலியிலிருந்து கட்டினார்கள்.

ஏழை ஊரில் புழங்கும் பணம் அளவானது. அந்த ஊரையே நம்பி இயங்கும் தொழிலில் ஒருவர் புதிதாக நுழைந்தால், பெரும்பாலும் முன்பே இருந்தவரின் வாடிக்கையாளர்களே அவரிடம் வருகிறார்கள். ஊரின் மொத்த வருவாய் கூடுவதில்லை. வங்கதேசத்தில் 1997இல் தொடங்கிய கிராமத் தொலைபேசித் திட்டத்தில், ஏழைகளுக்குச் சிறுகடன் தரும் கிராமீன் வங்கியில் கடன் பெற்றுக் கைபேசி வாங்கிய பெண்கள் நிமிடக் கணக்கில் அழைப்புகளை விற்றார்கள். ஊரில் வேறு தொலைபேசி இல்லாத காலத்தில் அது நல்ல வருமானம் தந்தது. அதே ஊரில் மேலும் பலர் அத்தொழிலுக்கு வந்ததும், கைபேசி மலிவாகி வீட்டுக்கு வீடு வந்ததும் அந்த வருமானத்தைக் குறைத்துவிட்டன. முதலில் நுழைந்தவரின் இலாபத்தைக் காட்டிப் பத்தாவது ஆளுக்குக் கடன் கொடுப்பது அறமாகாது.

ஆகவே, என்ன கற்பிக்கலாம் என்று கேட்பதற்கு முன், ஊர்ப் பணம் எந்தப் பொருளுக்காக வெளியே போகிறது, வெளிப்பணம் எந்தப் பொருளுக்காக உள்ளே வரக்கூடும் என்று சந்தை நாளில் நின்று விசாரியுங்கள். தையல்தான் என்று முடிவானாலும், வெட்டுபவர், தைப்பவர், இயந்திரம் பழுதுபார்ப்பவர், வெளிச்சந்தையில் கொள்முதல் ஆணை பிடிப்பவர் என்று வேலையைப் பிரித்துக் கற்பித்தால், அவர்கள் ஒருவருக்கொருவர் போட்டியாகாமல் துணையாவார்கள்.

கடன் கைக்கு வந்த உடனே தவணை

தொழில் ஈட்டத் தொடங்கும் முன்பே தவணை தொடங்கினால், கடன் வாங்கியவர் அதில் ஒரு பகுதியைத் தவணைக்கென்றே ஒதுக்கிவைத்து, மீதியை உடனே காசாகும் சிறு வியாபாரத்தில் மட்டும் போடுகிறார். கொல்கத்தாவில் எரிகா ஃபீல்டு, ரோகிணி பாண்டே உள்ளிட்ட பொருளியல் ஆய்வாளர்கள் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், முதல் தவணைக்கு இரண்டு வாரத்துக்குப் பதிலாக இரண்டு மாத அவகாசம் பெற்றவர்கள் தொழிலில் கூடுதலாக முதலிட்டார்கள். நீண்ட கால இலாபமும் உயர்ந்தது. ஆனால் கடன் திரும்பாத நேர்வுகளும் கூடின என்பதை மறைக்கக் கூடாது. அந்தத் தொழிலில் முதல் வரவு எப்போது வரும் என்பதைப் பார்த்தே அவகாசத்தை முடிவுசெய்ய வேண்டும். ஆடு வளர்ப்பவருக்கும் காய்கறி விற்பவருக்கும் ஒரே அட்டவணை பொருந்தாது.

கருவியைக் கொடுத்துவிட்டு விலகுவது

மிக வறியவர்களுக்காக பிராக் (BRAC) என்னும் தொண்டு நிறுவனம் 2002இல் வங்கதேசத்தில் தொடங்கிய திட்டத்தில், கால்நடை போன்ற ஒரு சொத்துடன், பயிற்சியும், சில மாதங்களுக்கு உணவுச் செலவுக்கான உதவித்தொகையும், தொடர்ந்து வீடு தேடி வரும் பணியாளரும் சேர்ந்தே இருந்தார்கள். செலவைக் குறைக்க முனைபவர்கள் முதலில் வெட்டுவது அந்த உதவித்தொகையைத்தான். வீட்டில் பசி இருக்கும்போது கொடுத்த ஆடு விற்கப்படும்.

பயிற்சி பெற்றோரின் எண்ணிக்கையை வெற்றியாகக் காட்டுவது

ஓராண்டு கழித்துப் போய், யார் இன்னும் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள்.