குழந்தைக் கதை எழுத வருகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

குழந்தைகளுக்குக் கதை எழுத ஆசைப்படுகிறவர்கள் தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் நிறையவே இருக்கிறார்கள். பெரும்பாலும் ஆசிரியர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள், பிள்ளையைத் தூங்க வைக்கச் சொன்ன கதையை எழுதிப் பார்க்கும் அம்மாக்கள். படித்துப் பார்க்கச் சொல்லி அவர்கள் தரும் கதைகளில் தமிழுக்குக் குறைவே இருக்காது. சறுக்கல் வேறு இடத்தில். படிக்கப்போகிற பிள்ளையை விட்டுவிட்டு, அந்தப் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கித் தரப்போகிற பெரியவரை மனதில் வைத்து எழுதிவிடுகிறார்கள். நான் பார்க்கும் தவறுகளில் முக்கால்வாசி இதிலிருந்து கிளைத்தவைதான்.

முதலில் நீதி. ஒரு கதை இப்படிப் போகும்: குமார் வாய்க்காலில் பிளாஸ்டிக் கவரைப் போடுகிறான். தாத்தா பார்த்துவிடுகிறார். கல்லணை கட்டிய கரிகாலனில் ஆரம்பித்து ஒன்றரைப் பக்கத்துக்குப் பாடம் எடுக்கிறார். "இனிமேல் போடமாட்டேன் தாத்தா" என்கிறான் குமார். கதை முடிந்தது. இதில் குமாருக்கு என்ன வேண்டும்? ஒன்றுமே வேண்டாம். திட்டு வாங்குவதற்காகவே அவனைப் படைத்திருக்கிறோம். எட்டு வயதுப் பிள்ளை தாத்தா வாயைத் திறந்ததுமே பக்கத்தைப் புரட்டிவிடும்.

இதே விஷயத்தை வேறு மாதிரி எழுதலாம். ஆடிப் பதினெட்டுக்கு நம் பக்கத்துப் பிள்ளைகள் சின்னச் சப்பரத்தை இழுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போவார்கள். மரச் சக்கரம், வண்ணத்தாள், உள்ளே சாமி படம். ஒரு சிறுமிக்குத் தன் சப்பரத்தைக் கரை வரைக்கும் இழுத்துப் போயாக வேண்டும். பாதி வழியில் கடையாணி கழன்று சக்கரம் உருண்டு வாய்க்காலில் விழுகிறது. மதகில் அடைத்துக் கிடக்கும் குப்பைக்குள் போய் மாட்டிக்கொள்கிறது. கூட வந்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள். அவள் இறங்கித் தேடுகிறாள். கவர் வருகிறது, பாட்டில் வருகிறது, ஒற்றைச் செருப்பு வருகிறது, சக்கரம் மட்டும் வரவில்லை. இழுக்க இழுக்க, தேங்கிய தண்ணீர் மதகைத் தாண்டி ஓட ஆரம்பிக்கிறது. சக்கரமும் அதோடு சேர்ந்து ஓடுகிறது! இங்கே தாத்தா வரவே வேண்டாம். சக்கரம் கிடைக்குமா கிடைக்காதா என்பதுதான் பிள்ளையின் கவலை. குப்பை எவ்வளவு என்பதை அது போகிற போக்கில் பார்த்துக்கொள்ளும். (ஆற்றில் தண்ணீரே வராத ஆண்டுகளில் அடிபம்பிலும் போர்செட்டிலும் பெருக்கு கொண்டாடியிருக்கிறோம். அதில் இன்னொரு கதை இருக்கிறது. இதுவரை யாரும் எழுதிக் கொண்டுவரவில்லை.)

அடுத்தது, "ஒரு காட்டில் ஒரு சிங்கம்." எழுதுபவர் மன்னார்குடிக்காரராக இருப்பார், கதையில் சிங்கம், நரி, ஆப்பிள் மரம். சிங்கக் கதை கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் சிங்கம் பேசுவதற்கும் பக்கத்து வீட்டு மாமா பேசுவதற்கும் வித்தியாசம் இல்லையென்றால் அந்தச் சிங்கம் எதற்கு? அறுவடை முடிந்த வயலில் மேய வரும் வாத்துக் கூட்டம், நத்தை பொறுக்கும் நத்தைகுத்தி நாரை, எலி வளை, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, கோடியக்கரை வெளிமான் என்று இங்கே இருப்பது ஏராளம். வாத்துக்காரர் குடும்பத்தோடு ஊர் ஊராகப் போகிறாரே, அவர் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கும் என்று யோசித்தாலே ஒரு கதைக்கான கேள்வி கிடைத்துவிடும்.

உள்ளூரை எழுதினால் மட்டும் போதாது, சரியாக எழுத வேண்டும். ஆடி மாதத்தில் நெல் அறுவடை என்று எழுதிய கதையைப் படித்திருக்கிறேன். மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12இல்தான் தண்ணீர் திறப்பார்கள். குறுவை கதிராகி அறுவடைக்கு வரப் புரட்டாசி, ஐப்பசி ஆகும். சம்பா தை, மாசி. சம்பா அறுவடைக்கு வாரம் பத்து நாள் இருக்கும்போதே வயல் ஈரத்தில் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள் என்பது விவசாய வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். தப்பாக எழுதினால் முதலில் கண்டுபிடித்துச் சிரிப்பது அந்தப் பிள்ளைதான்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஓய்வு பெற்றவர்களிடம் அதிகம் பார்க்கிறேன்: தன் சின்ன வயதையே கதையாக எழுதுவது. மாட்டு வண்டி, கிட்டிப்புள், குலவை போட்டு நாற்று நடும் பெண்கள். எழுதட்டும், ஆனால் அதை இன்றைய கதை மாதிரி எழுதினால் ஒட்டாது. இன்று வயலில் இறங்குவது பெல்ட் வைத்த அறுவடை இயந்திரம். நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டிவிட்டு, மழை வந்துவிடுமோ என்று அப்பா தார்ப்பாயோடு காவல் இருக்கிறார். இதையெல்லாம் தினமும் பார்க்கிற பிள்ளை புத்தகத்தைத் திறந்தால் அதில் தாத்தாவின் ஊர்தான் இருக்கிறது.

வயதைப் பற்றிக் கேட்டால் "3 முதல் 14 வரை எல்லாரும் படிக்கலாம்" என்பார்கள். அப்படி ஒரு கதை கிடையாது. தமிழக அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களையே பாருங்கள். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் என்ற கதை இணையதளத்திலும் நான்கு நிலைகள்தான்: முதல் நிலைக்கு 250 சொல்லுக்குள், இரண்டாவதுக்கு 600 வரை, மூன்றாவதுக்கு 1500 வரை. எந்தப் படிக்கு எழுதுகிறோம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு "ஓடிக்கொண்டிருந்தபோதுதான்" என்று எழுதினால் சொல்லின் பாதியிலேயே மூச்சு வாங்கும். "ஓடினாள். அப்போது..." என்று இரண்டாக உடைத்தால் தீர்ந்தது.

பேச்சிலும் இந்தச் சிக்கல் வரும். "அம்மா, நான் விளையாடச் செல்லட்டுமா?" என்று எந்த ஊரில் எந்தப் பிள்ளை கேட்கிறது? அதற்காக "வெளாடப் போவட்டா" என்று அப்படியே எழுதினால், இப்போதுதான் படிக்கப் பழகும் பிள்ளை தடுமாறும். "அம்மா, விளையாடப் போகட்டுமா?" போதும். பெரிய பிள்ளைகளுக்கான கதையில் வட்டார வழக்கைத் தாராளமாகப் புழங்கலாம்.

பாட்டு எழுதுகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: இயைபு கிடைத்துவிட்டது என்று நின்றுவிடாதீர்கள், கை தட்டிப் பாடிப் பாருங்கள். புதுக்கோட்டை ராயவரத்தில் 1922இல் பிறந்து, வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்குப் பாட்டெழுதிய அழ. வள்ளியப்பாவின் வரிகள் இன்னும் வாயில் நிற்பதற்குக் காரணம் தட்டு எங்கும் இடறாததுதான்.

படக்கதை எழுதும்போது படத்தில் தெரியப்போவதை எல்லாம் வரியிலும் எழுதக் கூடாது. "சிவப்புச் சட்டை போட்ட, சுருட்டை முடிக்காரச் சிறுவன் மஞ்சள் குடையோடு நின்றான்" என்றால் ஓவியருக்கு என்ன வேலை? "மழை நிற்கவே இல்லை" என்று மட்டும் எழுதினால் மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். பக்கக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். அச்சில் ஒரு பாரம் (ஒரே தாளில் சேர்த்து அச்சடித்து மடிப்பது) என்பது 16 பக்கம், அரைப் பாரம் 8, அதனால்தான் படக்கதைகள் 16, 24, 32 என்று வருகின்றன. தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம் போக 16 பக்கப் புத்தகத்தில் கதைக்கு மிஞ்சுவது 12, 13 பக்கம்தான். நாலு தாளை மடித்துக் கையால் ஒரு மாதிரிப் புத்தகம் செய்து, எந்த வரி எந்தப் பக்கத்தில் வருகிறது என்று எழுதிப் பாருங்கள். புரட்டும் இடத்தில் ஆவல் இருக்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.

சொந்தப் பிள்ளையிடம் படித்துக் காட்டி "நல்லா இருக்கா?" என்று கேட்பதில் பயனில்லை. நம் முகத்தைப் பார்த்தே அது தலையாட்டிவிடும். தெரிந்த ஆசிரியரிடம் கொடுத்து வகுப்பில் வாசிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். எந்த வரியில் பென்சில் உருட்ட ஆரம்பிக்கிறார்களோ அங்கே ஒரு குறி போடுங்கள். அந்த இடத்தைத்தான் வெட்ட வேண்டும். பெரும்பாலும் அது உங்களுக்கு மிகவும் பிடித்த வர்ணனையாக இருக்கும்.

அப்புறம் பதிப்பு. அவசரப்பட்டுப் பணம் கட்டிப் புத்தகம் போட்டு, கட்டுக்கட்டாகப் பரண் மேல் அடுக்கி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். முதலில் சிறுவர் இதழ்களுக்கு அனுப்பிப் பாருங்கள். அறிவியல் சார்ந்தது என்றால் துளிர் இருக்கிறது. புத்தகத்துக்கு அடையாளமாகப் போடும் ஐஎஸ்பிஎன் எண் வாங்க என்று தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், நம் நாட்டில் அந்த எண்ணை அரசு இலவசமாகவே தருகிறது. பதிப்பாளர் தரும் ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டுக்கு, எந்தெந்த வடிவத்துக்கு உரிமை கொடுக்கிறோம் என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை எழுதிக்கொடுக்கும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றுதான் கணக்கு. ஸ்டோரிவீவரில் போடும் கதையை யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம், அச்சிட்டு விற்கவும் செய்யலாம். உங்கள் பெயரைப் போட வேண்டும், அவ்வளவுதான். அது சம்மதம் என்றால் மட்டும் அங்கே ஏற்றுங்கள்.